அய்யா வைகுண்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது

எங்கள் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்கு அய்யா வைகுண்டர் குறித்துக் கட்டுரை கேட்டார்கள். நாகர்கோவில் வட்டாரத்தில் இதைவிட வம்பான தலைப்பு எளிதில் கிடைக்காது. பலருக்கு அவர் நாராயணரின் அவதாரம். சிலருக்குச் சாதிக் கொடுமையை எதிர்த்த சீர்திருத்தவாதி. பழைய மிஷனரிகளின் எழுத்திலோ, மக்களை வழிதவறச் செய்த ஒரு 'முத்துக்குட்டி' (அது அவருடைய பழைய பெயர்). முதல் இரண்டு தரப்பும் என் தெருவிலேயே குடியிருக்கின்றன. மூன்றாவது தரப்பு நூலக அலமாரியில் இருக்கிறது.

முதலில் கைக்கு வந்தவை துண்டுப் பிரசுரங்கள். அடுக்கி வைத்துப் படித்ததில், ஒரே ஊர்ப்பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பிழையாக அச்சாகியிருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தக் கட்டு முழுவதையும் ஒரே சாட்சியாகத்தான் கணக்கிட்டேன். அவற்றில் ஒன்று, ஸ்ரீநாராயண குரு, அய்யாவின் தலைமைப் பதியான சுவாமித்தோப்புக்கு வந்து அய்யாவிடம் ஆசி பெற்றதாகச் சொன்னது. அய்யா வைகுண்டம் போனது 1851இல். குரு பிறந்தது 1856இல். அந்தச் செய்தியை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிறகு மிஷனரிகள். "அண்ணாச்சி, அவர்கள் எழுதியதெல்லாம் பொய், தொடவே தொடாதீர்கள்" என்றார், அய்யாவை வழிபடும் இடமான நிழல்தாங்கலில் பணிவிடை செய்யும் நண்பர். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் பகைவன் என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிட்டால், பக்தர் என்பதற்காக இன்னொருவரையும் தள்ள வேண்டிவரும். அப்புறம் எழுதுவதற்கு என்ன மிஞ்சும்? நான் வேறு கேள்வி கேட்டேன்: இந்த வரியை எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்?

மிஷனரி சாமுவேல் மாட்டீரின் திருவிதாங்கூர் நூல் 1871இல் வந்தது. அவர் இங்கு வந்ததே 1850களின் இறுதியில், அய்யா மறைந்து பல ஆண்டுகள் கழித்து. அய்யாவின் குணத்தைப் பற்றி அவர் சொல்லக்கூடியது செவிவழிச் செய்தி மட்டுமே. லண்டன் மிஷன் சங்கத்தின் அறிக்கைகள் வேறு வகை. தங்கள் வேலைக்கு அய்யாவின் இந்த இயக்கம் பெரும் இடைஞ்சல் என்று அவற்றில் புலம்பியிருக்கிறார்கள். அய்யாவைப் புகழ அவர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. எனவே இயக்கம் பரவியது என்பதற்கு அந்தப் புலம்பல் நல்ல சான்று. எவ்வளவு பரவியது என்பதற்கு மட்டும் அதை நம்பவில்லை. அறிக்கையைப் படிப்பவர்கள் இங்கிலாந்தில் பணம் தந்தவர்கள். சபையில் ஆள் சேராததற்கு ஒரு பெரிய எதிரியைக் காட்டுவது வசதிதானே.

அய்யாவின் வழி நடப்பவர்களுக்குப் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையிடமும் அதே கேள்விதான். சீடர் அரிகோபாலர் வழியாக வந்த நூல், அய்யாவின் காலத்திலேயே ஏட்டில் எழுதப்பட்டது, அச்சேறியது 1939இல். இடையில் ஏடு பார்த்து ஏடு எழுதிய காலம் நூறாண்டுக்குச் சற்றுக் குறைவு. பதிப்புக்குப் பதிப்பு பாட வேறுபாடு இருப்பதில் வியப்பில்லை. திருவிதாங்கூர் மன்னரைக் 'கலிநீசன்' என்றும் ஆங்கிலேயரை 'வெண்ணீசன்' என்றும் அது சொல்கிறது. ஆட்சியைப் பற்றிய நடுநிலைக் குறிப்பை அதில் தேட முடியாது. ஆனால் வரிச்சுமையில் நசுங்கிய மக்கள் அந்த ஆட்சியை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அதைவிட நெருங்கிய சாட்சியும் கிடையாது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அய்யா திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டதை என் வாக்கியமாக எழுதினேன். அவரைப் புலிக்கூண்டில் அடைத்துச் சோதித்ததை 'அகிலத்திரட்டு இவ்வாறு பாடுகிறது' என்று எழுதினேன். நம்புகிறவருக்கு அதில் குறை இல்லை. நம்பாதவரும் சண்டைக்கு வர முடியாது.

தேதிகள்தான் உண்மையில் உயிரை வாங்கின. மூலங்கள் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டில் பேசுகின்றன. திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவதரித்ததாகக் கொண்டாடும் 1008 மாசி 20க்கு 825 கூட்டினால் 1833, சரி. ஆனால் இந்தப் பக்கத்தில் கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824தான் கூட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டியவர்களால் ஒரே நிகழ்ச்சி இரண்டு நூல்களில் ஓராண்டு தள்ளி நிற்கிறது. இத்தகைய முரண்பாடுகளை வைத்து 'எல்லாமே கட்டுக்கதை' என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதத்தைப் பார்த்திருந்தால் பாதிச் சண்டை அடங்கியிருக்கும்.

அச்சுக்கு அனுப்புமுன் பணிவிடை நண்பரிடமும், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமும் படி கொடுத்தேன். கருத்து கேட்கவில்லை, தகவல் பிழை இருந்தால் மட்டும் குறிக்கச் சொன்னேன். ஆசிரியர் ஒரு சங்க அறிக்கையின் ஆண்டைத் திருத்தினார். நண்பர் 'முத்துக்குட்டி' என்று வருமிடத்தைச் சுழித்து, "இதை எடுத்துவிடுங்களேன்" என்றார். அது மிஷனரியின் கூற்றுக்குள் வருகிறது, என் நடையில் எங்கும் அய்யா வைகுண்டர்தான் என்று காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, கூற்று எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிய மேற்கோள் குறியைப் பெரிதாகப் போடச் சொன்னார். போட்டோம். மலர் மாசி 20க்கு முன்பே வந்துவிட்டது.