மந்திரித்த செபமாலை

வேளாங்கண்ணியில் இன்று திருப்பலி முடிந்ததும், புதிய செபமாலைகளையும் மாதா சுரூபங்களையும் மந்திரிக்க, அதாவது குருவானவரிடம் ஆசீர் பெற, ஏந்தி நின்றவர்களிடையே, பழைய மாலையொன்றை நீட்டியபடி ஒரு பாட்டி நின்றிருந்தார்.

அறுந்த இடத்தில் நூல் முடிச்சு. மரியாவை நோக்கிச் சொல்லும் 53 அருள்நிறை செபங்களையும் விரல்களால் எண்ணி எண்ணித் தேய்ந்த மணிகள்.

குருவானவர் சிலுவை அடையாளம் வரைந்து தீர்த்தம் தெளித்தார்.

மந்திரிப்பதால் பொருளுக்குள் மாய ஆற்றல் எதுவும் புகுவதில்லை என்றும், அதைப் பக்தியோடு பயன்படுத்துபவருக்காகத் திருச்சபையே மன்றாடுகிறது என்றும் போதிக்கிறார்கள். இதுவே எனக்கு மிகப்பெரிய ஆறுதல்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அத்தகைய பொருள் தனியாருடையதாக இருந்தாலும் மரியாதையுடன் கையாளச் சொல்கிறது. உடைந்துபோனால்கூட எரிப்பார்கள் அல்லது மண்ணில் புதைப்பார்கள்; குப்பையில் எறிவதில்லை.