ஜன்னலுக்குக் கீழே ஒரு மஞ்சள் கோடு

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை காலை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி ஒன்றரை நாள் ஆகியிருந்தது. கடலூருக்கு வடக்கே தென்பெண்ணையாற்று ஓரமாக உள்ள ஒரு கிராமத்தில், கையில் ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தேன். "சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி தண்ணீர் திறந்திருக்காங்க, எல்லாரும் மேட்டுக்குப் போயிடுங்க" என்பதுதான் நான் திரும்பத் திரும்பச் சொன்னது.

கடைசித் தெருவில் ஓர் ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னை நிறுத்தினார்.

"தம்பி, அந்த லட்சக் கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு? நம்ம வீட்டுல எதுவரைக்கும் ஏறும், அத சொல்லு."

எனக்கு பதில் தெரியவில்லை. ஆற்றங்கரையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பணி ஆய்வாளராக 27 வருஷம் இருந்தவன் நான். ஆற்றின் ஒவ்வொரு வளைவும் தெரியும். ஆனால் அந்தத் திண்ணையில் தண்ணீர் முழங்கால் வருமா, இடுப்பு வருமா என்று சொல்ல முடியவில்லை. "நெறைய வரும் ஆயா, கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

அவர் கிளம்பினார். ஆனால் முழங்கால் அளவுதான் வரும் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவைத்துவிட்டு, இரண்டு ஆடுகளையும் திண்ணைத் தூணில் கட்டிவிட்டுப் பக்கத்து மாடி வீட்டுக்குப் போயிருக்கிறார். தண்ணீர் ஜன்னல் வரை ஏறியது. ஆடுகள் பிழைக்கவில்லை. நான் ஒழுங்காக பதில் சொல்லியிருந்தால் அவிழ்த்தாவது விட்டிருப்பார். அது இன்றுவரை என் மனசில் கிடக்கிறது.

அணை என்றால் வெள்ளத்தைத் தடுக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அணையில் வெள்ளத்தைத் தாங்குவது அங்கே இருக்கும் தண்ணீர் இல்லை, இல்லாத தண்ணீர்தான். அதாவது காலி இடம். சாத்தனூர் அணை 1958-இல் கட்டியது. முழு நீர்மட்டம் 119 அடி, கொள்ளளவு 7.3 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. அணைக்கு மேலே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது அணை ஏற்கனவே நிறையும் தறுவாயில் இருந்தது. விநாடிக்கு 1,68,000 கன அடி உள்ளே வந்தால், அணை அடிமட்டம் வரை காலியாக இருந்திருந்தாலும் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். யார் வேண்டுமானாலும் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் முன்கூட்டியே காலி செய்து வைத்திருக்கலாமே என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் சாத்தனூரை நம்பிப் பாசனமும் இருக்கிறது, குடிநீரும் இருக்கிறது. நமக்கு அணை நிரம்புவதும் வடகிழக்குப் பருவமழையில், வெள்ளம் வருவதும் அதே மழையில். நவம்பரில் திறந்துவிட்டு டிசம்பரில் மழை பொய்த்தால், அடுத்த கோடையில் விவசாயிக்கு யார் பதில் சொல்வது? மதகை எப்போது திறப்பது என்று முடிவு எடுப்பவர் தலைமேல் இரண்டு பக்கமும் கத்திதான். என்னைக் கேட்டால், வானிலை எச்சரிக்கை வந்த அன்றே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இடம் ஒதுக்குவதே மேல். நடுராத்திரியில் மொத்தமாகத் திறக்கும் நிலைமைக்கு வந்துவிட்டால், அப்புறம் எங்களுக்கு ஓடுவதற்கு மட்டும்தான் நேரம் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அணைக்குக் கீழே பெய்யும் மழை அணைக்குள் போகாது. துரிஞ்சலாறு சாத்தனூரைத் தாண்டித்தான் பெண்ணையாற்றில் சேர்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் பெய்ததெல்லாம் நேராக எங்களிடம் வந்தது. முகத்துவாரத்திலோ கடல் கொந்தளிப்பாக இருந்தது. மேலிருந்து ஆறு தள்ள, கீழிருந்து கடல் தடுக்க, நடுவில் நாணமேடும் உச்சிமேடும் சுபஉப்பளவாடியும் மாட்டிக்கொண்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியின் பாகூர் வட்டாரத்திலும் இதே கதைதான். வெள்ளத்துக்கு மாநில எல்லை ஏது?

அணை உடைந்துவிடுமோ என்ற பயம் ஒவ்வொரு வெள்ளத்திலும் வாட்ஸ்அப்பில் சுற்றும். அந்த வதந்திகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் பயமே தேவையில்லை என்று சொல்லமாட்டேன். இதே ஆற்றின் மேலே, கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் ஒரு மதகின் ஷட்டர் உடைந்தது. எங்களுக்குப் பக்கத்தில் தளவானூருக்கும் ஏனாதிரிமங்கலத்துக்கும் நடுவே கட்டிய தடுப்பணை, திறந்து சில மாதங்களிலேயே 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது. ஷட்டர், அதைத் தூக்கும் கம்பி வடம், கரண்ட் போனால் ஓடவேண்டிய ஜெனரேட்டர், இவையெல்லாம் வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும். ஒரே ஒரு ராத்திரி மட்டும் வேலை செய்யவேண்டும். அந்த ராத்திரி கிரீஸ் காய்ந்து போயிருந்தால் எல்லாம் போச்சு. மழை ஓய்ந்த ஏப்ரல், மே மாதங்களில் செய்கிற பராமரிப்பை யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆனால் அணையின் பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது. 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது நல்ல விஷயம். அந்த ஏப்ரல் மாத வேலைக்கு ஆளும் பணமும் வரவேண்டும்.

கல்கட்டு அணையைவிட மண்கரைக்குக் கண்காணிப்பு அதிகம் தேவை. தண்ணீர் கரைமேல் வழிந்தால் மண் அரித்துக்கொண்டு போய்விடும். அதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாமல் கரைக்குள்ளே வழி தேடுவது. எலி வளையும் நண்டு வளையும் போதும் அதற்கு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வயதான லஸ்கர், அதாவது கரையைக் காவல் பார்க்கும் ஊழியர், சொல்லிக்கொடுத்தார்: "கசிவு தெளிவா வந்தா பக்கத்துலயே உக்காந்து பாரு. கலங்கலா வந்தா கரையோட மண்ணு வெளிய போவுதுன்னு அர்த்தம். ஓடிப்போயி மூட்டைய எடு."

2021 நவம்பர் வெள்ளத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கரைக்கு வெளிப்பக்கம் நடந்தபோது, புல்லுக்கு நடுவே டம்ளர் வாய் அகலத்துக்கு ஒரு ஊற்று கொப்பளித்தது. சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி நைசான மணல் வட்டமாகச் சேர்ந்திருந்தது. விரலை வைத்தால் அடியிலிருந்து மணல் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. கூட வந்த பையன் மண்ணை அள்ளி அடைக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அடைத்தால் அது வேறு இடத்தில் பீறிடும். ஊற்றின் மேல் ஜல்லியைப் போட்டு, சுற்றிலும் மணல் மூட்டையைக் கிணற்றுச் சுவர் மாதிரி அடுக்கினோம். உள்ளே தண்ணீர் இரண்டடி ஏறியது. அந்த எடை கீழே அழுத்த, கொப்பளிப்பு மெல்ல மெல்ல அடங்கி, தண்ணீர் தெளிந்தது. விடியும் வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கரை நின்றது.

2024 வெள்ளம் வடிந்ததும் நான் செய்த முதல் காரியம், ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கியதுதான். அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. சுவரில் சேற்றுக் கறை காயும் முன்பே வீடு வீடாகப் போய், தண்ணீர் நின்ற மட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் 2024 என்று எழுதினேன். 2021-இல் எதுவரை வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு அதற்கும் ஒரு கோடு. கோயில் படி, ரேஷன் கடைச் சுவர், மின்கம்பம் என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டு கோட்டையும் அந்தந்த வெள்ளத்தின் நீர் அளவையும் ஒரு நோட்டில் தெருவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். இது துல்லியமான கணக்கு இல்லை. கடல் அலை, உள்ளூர் மழை, ஆற்று மணல் எல்லாமே மட்டத்தை மாற்றும். ஆனாலும் "ரேஷன் கடைக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரும்" என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அதே பெண்ணையாற்று மணலில் கடைகள் போட்டிருந்தார்கள். ஆயா பேத்தியோடு வந்திருந்தார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்களாம். ஜன்னலுக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் அடிக்கவேண்டாம் என்று ஆளிடம் சொல்லிவிட்டாராம்.

"கோட்ட அழிச்சிட்டா அடுத்த தபா உன்கிட்ட எப்புடி கேக்கறது?" என்றார்.