கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, அந்த மாத்திரையால் ஒரு வலி

பிப்ரவரி 4

நள்ளிரவில் வலது கால் பெருவிரலில் நெருப்பு வைத்தாற்போல் வலி. விடிவதற்குள் விரலின் அடிமூட்டு செக்கச்செவேலென்று வீங்கிவிட்டது. போர்வையின் நுனி பட்டாலும் உயிர் போகிறது. மூட்டு மருத்துவர் பார்த்தவுடனே கௌட் என்றார், யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வாதம். ரத்தத்தில் யூரிக் அமிலம் 9.1. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "அந்த ஃபுரோசமைடுதான் யூரிக் அமிலத்தை ஏற்றுகிறது, அதை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, வலிக்குக் காலையும் இரவும் நாப்ராக்சன் எழுதிக் கொடுத்தார்.

ஃபுரோசமைடு என்பது உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் 'நீர் மாத்திரை'. அதை எழுதியவர் என் ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் பொது மருத்துவர். அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்த மனம் வரவில்லை. போன் செய்தேன். நேர் எதிரான பதில். "நீர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நாப்ராக்சனை வாயில் போடவே கூடாது."

பின்னால் யாரோ நோயாளி காத்திருக்கும் அவசரம் அவர் குரலில் தெரிந்தது. காரணம் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 5

தம்பி விசாரிக்க வந்தான். "இரண்டு பேரில் யார் பெரிய டாக்டரோ அவர் சொல்வதைக் கேள் அக்கா" என்றான். அவன் மனைவிக்கு வேறு யோசனை: இரண்டையும் நிறுத்திவிட்டு மூன்றாவதாக ஒருவரைப் பார்க்க வேண்டும். மூன்றாமவர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் என்ன செய்வது?

எனக்கு வேண்டியது தீர்ப்பு அல்ல, காரணம். மருந்துக் கடையில் படித்த மருந்தாளுநர் ஒருவர் இருக்கிறார். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டு சீட்டுகளையும், வீட்டில் இருந்த எல்லா அட்டைகளையும் அவர் முன் பரப்பினேன். அவர் முதலில் கையிலெடுத்தது நாப்ராக்சனை அல்ல, என் ரத்த அழுத்த மாத்திரையை. அட்டையின் முகப்பில் ஒரே பெயர்தான். திருப்பிக் காட்டினார். எறும்பு எழுத்தில் இரண்டு மருந்துகள்: டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 10. நான் வணிகப் பெயரைச் சொன்னபோது மூட்டு மருத்துவர் மனத்தில் இவற்றில் எது பதிந்ததோ!

பிறகு காகிதத்தில் சிறுநீரகத்தின் வடிகட்டியை வரைந்து காட்டினார். உள்ளே ரத்தம் வரும் நாளத்தை நாப்ராக்சன் சுருக்குகிறது. வெளியே போகும் நாளத்தை டெல்மிசார்டான் விரிக்கிறது. ஃபுரோசமைடு உடம்பில் இருக்கும் நீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டுவதற்கு வேண்டிய அழுத்தம் விழுந்துவிடும். 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பெரிய ஆய்வொன்றில், இந்த மூன்று வகை மருந்துகளையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. அதிலும் முதல் 30 நாட்களில்தான் ஆபத்து மிகுதி.

ஆக, நாப்ராக்சன் வேண்டாம் என்றவரிடம் காரணம் இருக்கிறது. ஃபுரோசமைடு யூரிக் அமிலத்தை ஏற்றும் என்பதும் பாடப்புத்தகத்தில் உள்ள உண்மை. ஒருவர் விரலைப் பார்த்துப் பேசினார், மற்றவர் சிறுநீரகத்தைப் பார்த்துப் பேசினார். இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன.

இன்றிரவு வலிக்கு என்ன வழி? மூட்டு மருத்துவரின் உதவியாளரிடம் போனில் எழுதச் சொல்லிச் சொன்னேன்: "டெல்மிசார்டானும் ஃபுரோசமைடும் சாப்பிடுகிறேன். கிரியேட்டினின் 1.2. நாப்ராக்சனுக்கு மாற்று உண்டா?" கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு. நீண்ட கதையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் பாதியில் விட்டிருப்பார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: குறைந்த அளவில் கோல்கிசின் (கௌட் வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரை), வயிற்றுப்போக்கு வந்தால் நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும். நாப்ராக்சனை மருத்துவரே ரத்து செய்துவிட்டார். ஃபுரோசமைடு பற்றிப் பொது மருத்துவரிடம் பேசிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், இல்லை.

பிப்ரவரி 8

வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. உட்கார முடிந்ததால் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். கோப்பில் அவை மருத்துவர் வாரியாகத்தான் இருந்தன. அப்படி இருக்கும் வரை ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர்: மருத்துவமனையில் எடுத்த அழுத்தம் 158/92. அம்லோடிபின் 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகிறது.
நவம்பர் இறுதி: இரண்டு கணுக்காலிலும் வீக்கம்.
டிசம்பர்: வீக்கத்துக்கு ஃபுரோசமைடு.
பிப்ரவரி: கௌட்.

மாத்திரையின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு இன்னொரு மாத்திரை கொடுப்பதைப் பற்றி ரோச்சன், குர்விட்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் இருவர் 1997இலேயே எழுதியிருக்கிறார்கள். அம்லோடிபின் தரும் கால் வீக்கம் அவர்கள் சொன்ன வகைக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. அது உடம்பில் நீர் மிகுந்து வருவதல்ல. சிறு தமனிகள் விரிவதால் தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிகிறது. அதனால் நீர் மாத்திரை அதற்குப் பெரிதாக உதவாது. அளவு கூடக் கூட வீக்கமும் கூடும்.

"ஃபுரோசமைடை நிறுத்துவதா, வேண்டாமா?" என்று இரண்டு நாட்களாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். கேட்க வேண்டியது அக்டோபரைப் பற்றி. ஒரே ஒரு நாள் எடுத்த அந்த 158 உண்மைதானா?

பிப்ரவரி 16

வாரம் முழுக்க வீட்டில் அழுத்தம் பார்த்தேன். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை. முதல் நாள் கணக்கை விட்டுவிட வேண்டுமாம். மீதியின் சராசரி 131/80. மருத்துவமனையில் 140/90 என்பதற்கு ஈடான வீட்டு அளவு 135/85. வலி இருந்தும் அதற்குக் கீழேதான் இருக்கிறேன். இது 10 மில்லிகிராமின் தயவாகவும் இருக்கலாம். அதை நானே முடிவுகட்ட முடியாது. ஃபுரோசமைடையும் இதுவரை நிறுத்தவில்லை.

பிப்ரவரி 17

பொது மருத்துவரிடம் ஒரே தாளோடு போனேன். மேலே மருந்துகளின் வேதிப் பெயர், அளவு, எழுதியவர், எதற்காக. நடுவில் அந்த நான்கு வரி. கீழே அழுத்தக் கணக்கு. கடைசியில் ஒரே கேள்வி: "கால் வீக்கம் அம்லோடிபினால் வந்திருக்குமா?"

"இணையத்தில் படித்துவிட்டு வந்தீர்களா?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் தயாராகவே போயிருந்தேன். "உங்கள் சீட்டுகளைத்தான் படித்தேன் டாக்டர்" என்றேன்.

தாளை வாங்கினார். விரலால் அக்டோபரிலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வந்தார், திரும்ப மேலே போனார். காலுறையின் விளிம்பு பதிந்த தடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. "இருக்கலாம்" என்றார். ஒரு மருத்துவர் வாயில் அந்தச் சொல் எவ்வளவு அழகாக இருக்கிறது!

இருவரும் பேசிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். என் எதிரிலேயே மூட்டு மருத்துவருக்குப் போன் செய்தார். பேச்சு நீளவில்லை. அம்லோடிபின் மறுபடி 5. டெல்மிசார்டானுக்குப் பதில் லோசார்டான், அந்த வகை மருந்துகளில் யூரிக் அமிலத்தைக் குறைப்பதற்குப் பேர்போனது அதுதான். ஃபுரோசமைடு நிறுத்தம். இரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். புதியதை எழுதியதோடு சீட்டைக் கொடுத்தார். "பழையதை நிறுத்தியதையும் எழுதிக் கொடுங்கள்" என்று திருப்பிக் கொடுத்தேன். எழுதினார். இல்லையென்றால் அடுத்து யாராவது டிசம்பர்ச் சீட்டைப் பார்த்து அதையே தொடரச் சொல்வார்கள்.

வெளியே வந்தபோது தம்பி, "யார் ஜெயித்தது?" என்றான். சிரிப்பு வந்தது.

மார்ச் 4

கிரியேட்டினின் 1.0. பொட்டாசியம் 4.7. வீட்டு அழுத்தம் 133/81. வீக்கம் மாலையில் கொஞ்சம் தெரிகிறது, காலையில் இல்லை. யூரிக் அமிலம் 7.3.

இந்த 7.3இல் மறுபடியும் கருத்து வேறுபாடு. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபூரினாலைத் தொடங்கிவிடலாம் என்கிறார் மூட்டு மருத்துவர். முதல் தாக்குதலோடு பொதுவாகத் தொடங்குவதில்லை, ஆனால் யூரிக் அமிலம் 9க்கு மேல் போயிருந்தால் தொடங்கலாம் என்று அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடம் கொடுக்கிறது. பொது மருத்துவரோ, 9.1 மாத்திரையால் ஏறியது, மாத்திரை போனதும் இறங்கிக்கொண்டிருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். 6.8ஐத் தாண்டினால் யூரிக் அமிலம் படிகமாகப் படியக்கூடும் என்பதால் மூட்டு மருத்துவரின் கவலையையும் தள்ளிவிட முடியாது.

இந்த முறை காரணங்களை இருவருமே கேட்காமலே சொன்னார்கள். முடிவு என் கையில் என்றும் சொன்னார்கள். பொறுத்திருக்கிறேன் என்றேன். மூட்டு மருத்துவர் ஒரு நிபந்தனை வைத்தார்: இன்னொரு தாக்குதல் வந்தால் பேச்சே இல்லை, அல்லோபூரினால்தான். ஒப்புக்கொண்டு, அதையும் தாளில் எழுதிவிட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனை மே முதல் வாரம்.