கச்சான் காற்றும் அமைதித் தளமும்

கீழக்கரைப் பக்கம் கடலோரத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் நான் படித்தேன். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், விடுதியின் மேல்தளம் அமைதித் தளமாக ஒதுக்கப்படுகிறது என்றும், விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் வார்டன் அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது, உடனே போய்ப் படிவம் வாங்கியவர்களில் நானும் ஒருவன். முதுநிலைப் பொறியியல் படிப்பில் சேர்வதற்கான கேட் (GATE) தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த எனக்கு இரவு உணவுக்குப் பின் கிடைக்கும் நேரம்தான் சொந்தமான நேரம். சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்ளும் இயல்பும் எனக்கு உண்டு. இப்படியொரு தளத்தில் சேர எண்ணும் மாணவர்களுக்கும், அதை ஏற்படுத்த எண்ணும் விடுதிக் காப்பாளர்களுக்கும் பயன்படும் என்று நம்பியே இதை எழுதுகிறேன்.

சேர்வதில் சிரமம் ஒன்றுமில்லை. பெற்றோரின் கையொப்பத்துடன் ஓர் உறுதிமொழிப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை நடைவழியில் நின்று பேசக்கூடாது, ஸ்பீக்கரில் பாட்டு வைக்கக்கூடாது, தொலைபேசி சைலன்ட்டில் இருக்க வேண்டும், கூட்டாகப் படிப்பவர்கள் கீழே மெஸ் கூடத்துக்குப் போக வேண்டும் என்பவை விதிகள். மீறினால் எச்சரிக்கை, தொடர்ந்து மீறினால் பழைய தளத்துக்கே திருப்பி அனுப்புவார்கள்.

ஒரு வாரத்துக்குள் மாணவர்கள் அடங்கிவிட்டார்கள், கட்டடம்தான் அடங்கவில்லை. மற்ற தளங்களில் இருந்தபோது பேச்சும் பாட்டும் மறைத்து வைத்திருந்த ஓசைகளெல்லாம் இங்கே ஒவ்வொன்றாகக் காதில் விழத் தொடங்கின. உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. கதவுக் கீல்களில் செதில் செதிலாகத் துரு ஏறியிருந்தது. நள்ளிரவில் ஒருவர் கழிப்பறைக்குப் போய்த் திரும்பினால் அந்தக் கீலின் கிறீச்சொலியில் எதிர் வரிசை முழுவதும் விழித்துக்கொள்ளும். மின்விசிறிகள் கடகடத்தன. இரும்புக் கட்டிலும் நாற்காலியும் தரையில் இழுபடும்போது கீழ்த்தளத்துக்காரர்களே மேலே வந்து கேட்டார்கள். அதற்கும் மேலாக, கல்வியாண்டு தொடங்கும் மாதங்களில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று விடாமல் வீசும். தெற்கே மன்னார் வளைகுடாவைப் பார்த்த சன்னல்களில் கொக்கி துருப்பிடித்து ஒடிந்துபோயிருந்ததால், கதவுகள் இரவெல்லாம் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தன.

இவற்றைச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு பருவத்தின் பெரும்பகுதி தேவைப்பட்டது. முதலில் கீல்களுக்குத் தேங்காயெண்ணெய் விட்டோம். சில நாள்களில் அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. பிறகு கீலைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டபோதுதான் ஓசை நின்றது. அதையும் மாதம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு நாற்காலிக் கால்களிலும் கட்டில் கால்களிலும் மாட்டினோம். சன்னல்களுக்கு வழி சொன்னவன் ராமேஸ்வரம் தீவிலுள்ள மீனவ ஊரான தங்கச்சிமடத்திலிருந்து வந்து படித்த, இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன். வீட்டிலிருந்து நைலான் வலைக்கயிறு கொண்டுவந்து, கதவையும் கம்பியையும் சேர்த்து அவன் போட்ட முடிச்சு, எவ்வளவு காற்றடித்தாலும் நெகிழவில்லை. அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரு நுனியை இழுத்தால் போதும். அந்த முடிச்சை ஒவ்வோர் அறையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தான். நாங்கள் பெற்ற அமைதியில் பாதி அவன் கைவேலை என்றே சொல்வேன்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 40 டெசிபலைத் தாண்டக்கூடாது. இதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். பொது இடத்து ஒலிபெருக்கிக்கு அது பொருந்தும். அடுத்த அறைக்காரனோடு ஓராண்டு சேர்ந்து வாழ்வதற்குச் சட்டத்தைக் காட்டுவது உதவாது என்று நான் மறுத்தேன். இன்றும் என் கருத்து அதுவே.

ரமலான் மாதத்தில் இது தெளிவாக விளங்கியது. எங்கள் தளத்தில் நோன்பு வைப்பவர்கள் பலர். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழ வேண்டும். ஆளுக்கோர் அலாரம் வைத்தால் தளம் முழுவதும் எழுந்துவிடும். அவர்களே கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒருவர் மட்டும் தலையணைக்கடியில் தொலைபேசியை அதிர்வில் வைத்துக்கொண்டு எழுவார். பிறகு செருப்பில்லாமல் அறை அறையாகச் சென்று, உறங்குபவரின் காலைத் தொட்டு எழுப்புவார். எல்லோரும் கீழே போய்ச் சாப்பிட்டு வருவார்கள். நோன்பில்லாத நாங்கள் காலையில் எழுந்தபோதுதான் அவர்கள் போய்வந்ததே தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படி ஓசையின்றி நடத்திவிட முடியாது. மேலே சொன்ன தம்பியின் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். காலையில் போகும் படகு மறுநாள் காலையில்தான் கரை திரும்பும். ஒருநாள் படகு திரும்பவில்லை. அன்றிரவு அவன் நடைவழியிலேயே நின்று ஊருக்கு மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தான். குரல் உயர்ந்தது, அழுகையும் வந்தது. எவரும் கதவைத் திறந்து அவனைக் கண்டிக்கவில்லை. சிலர் வெளியே வந்து அவனோடு உட்கார்ந்தோம். என்ஜின் பழுதாகி நின்ற படகை வேறொரு படகு கட்டி இழுத்துவந்த செய்தி மறுநாள் முற்பகலில் கிடைத்தது. "அண்ணே, எல்லார் தூக்கத்தையும் கெடுத்துட்டேன்" என்று அவன் என்னிடம் சொன்னபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. அப்படி அவன் எண்ணும்படி ஒரு விதி இருக்கக்கூடாது என்று தளக் கூட்டத்தில் சொன்னேன். கடலுக்குப் போகும் குடும்பத்து மாணவர்களும், வீட்டில் நோயாளி உள்ளவர்களும் தொலைபேசியைச் சைலன்ட்டில் வைக்கத் தேவையில்லை என்றும், மாடிப்படியருகே காலியாக இருந்த அறை பேசுவதற்காகத் திறந்தே இருக்கும் என்றும் வார்டனின் ஒப்புதலோடு எழுதிச் சேர்த்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் அவனுடைய பருவத் தேர்வோடு சேர்ந்து வந்தது. அப்பா வீட்டில் இருந்ததால் அந்த வாரங்களில் அவன் நிம்மதியாகப் படித்தான்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் படியிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் தள்ளியிருக்கும் அறையைக் கேட்டு வாங்குங்கள். தெற்கு அறை கச்சான் காலத்தில் தொல்லை தரும். வாடைக்காற்று தொடங்கியபின் அதுவே சுகமான அறை. கையொப்பமிடுவதற்கு முன், விதிகளைத் திருத்தும் உரிமை தளத்து மாணவர்களுக்கு உண்டா என்பதை வார்டனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.