துபாய் – கீழக்கரை: வானத்தில் நான்கு மணி, தரையில் மூன்று மணி

துபாயிலிருந்து மதுரைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வான்வழித் தூரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பறக்கும் நேரம் சுமார் நான்கு மணி. டிக்கெட்டைப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம் போலத் தெரியும். நம் ஊர்க் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதுதான் காரணம். சென்னைக்கும் கிட்டத்தட்ட இதே தூரம்தான். ஆகவே இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் விமான நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்கவே கூடாது. இறங்கிய பிறகுதான் பணமும் பொறுமையும் கரைகின்றன.

மதுரை விமான நிலையத்திலிருந்து, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் கீழக்கரைக்குச் சுமார் 130 கிலோமீட்டர். வாசலில் ஒரு டாக்சிக்காரரிடம் 3,500 ரூபாய்க்குப் பேசி ஏறினோம். திருப்பாச்சேத்தி சுங்கச்சாவடி வந்ததும் "டோல் தனி சார்" என்றார். மானாமதுரை தாண்டியதும் ஏசிக்குத் தனி. பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தியபோது, மேலே கட்டிய இரண்டு பெட்டிகளுக்கும் தனி! மூன்று குழந்தைகளோடு நடுவழியில் இறங்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் 4,600 வாங்காமல் விடவில்லை. இது பகல் கொள்ளை. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஏறும் முன்பே காகிதத்தில் எழுதி வாங்குங்கள். தனியாக வருபவர் மதுரையின் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போய் இராமநாதபுரம் பஸ் பிடித்தால் போதும், செலவு சில நூறு ரூபாயில் முடியும்.

மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலை, வழுக்கிக்கொண்டு போகிறது. அதன்பின் இருவழி. ஒரு லாரி முன்னால் போனால் அதன் பின்னாலேயே ஊர்ந்தாக வேண்டும். இராமநாதபுரம் வரை நான்குவழியாக்க 2025-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருக்கிறது. சீக்கிரம் போட்டு முடிக்கட்டும்.

இன்னொரு ஆதங்கம். இராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது, ஓடுபாதையும் இருக்கிறது. சிறிய ஊர்களுக்கும் விமானம் விடும் ஒன்றிய அரசின் உடான் திட்டத்தில் இராமநாதபுரத்தின் பெயரும் சேர்க்கப்பட்டது. சென்னைக்கு ஒரு சிறிய விமானம் விட்டாலே வளைகுடாவிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

சென்னையில் இறங்குவது தப்பில்லை. டிக்கெட் பல நாள் மலிவாகவே கிடைக்கும். ஆனால் எழும்பூரிலிருந்து இரவு ரயிலில் படுக்கை உறுதியாகியிருந்தால் மட்டும் அந்த வழி. இல்லையென்றால் மிச்சம் பிடித்த பணம் ஆம்னி பஸ்ஸுக்கே போய்விடும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கோபமெல்லாம் போயிற்று. உம்மா (அம்மா) இடியாப்பமும் மீன் ஆணமும் (குழம்பும்) வைத்திருந்தார். காக்கா (அண்ணன்) விடியற்காலையில் கரைக்கே போய் வாங்கிவந்த விளைமீன். சதை பூவாகப் பிரிந்தது. தேங்காய்ப்பால் கடைசியில் ஊற்றி, கொதிக்குமுன் இறக்கிய ஆணம், புளி நாக்கில் மட்டும் தெரிந்தது. துபாயில் எத்தனை திர்ஹம் கொடுத்தாலும் இந்த ருசி கிடைக்காது. மாலையில் வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் இனிப்பு. குழந்தைகள் கிண்ணத்தை வழித்தார்கள்.

திரும்பும்போது பெட்டியில் எங்கள் ஊர் இனிப்பான தொதலுக்கு இரண்டு கிலோவாவது ஒதுக்குங்கள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கைவிடாமல் கிண்டியது, எண்ணெய் கசியும். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டேப் ஒட்டித் தரச் சொல்லி, செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வேண்டாம்.