முழு மூலநிரல் இல்லாமல் ஒரு கர்னல் மாட்யூல்

டெபியன் 12 லினக்ஸ் ஓடும் மடிக்கணினியில் ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிளை இயக்க வேண்டியிருந்தது. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையமான கர்னலோடு வருவதில்லை, தனியாக மூலநிரலாகத்தான் கிடைக்கும். "கர்னல் சோர்ஸை முழுசா இறக்கிக்கோ" என்றார் நண்பர். விரித்தால் ஒரு ஜிபியைத் தாண்டும் அது. தேவையே இல்லை; சொல்லப்போனால், அது மட்டும் இருந்தால் போதவும் போதாது.

டிரைவரைக் கட்டினால் கிடைக்கும் மாட்யூல், அதாவது கர்னலில் தனியாக ஏற்றும் துண்டு, போய் உட்காரப்போவது ஏற்கெனவே யாரோ கம்பைல் செய்து வைத்த கர்னலுக்குள். அதை எந்தெந்த அமைப்புகளோடு கட்டினார்கள் என்பது கான்ஃபிக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கர்னல் மாட்யூல்களுக்குத் திறந்துவிடும் ஒவ்வொரு சிம்பலின் (செயற்கூறு அல்லது மாறியின் பெயர்) சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் 'மாட்யூல்.சிம்வெர்ஸ்' கோப்பில் இருக்கிறது. வெறும் சோர்ஸில் 'மாட்யூல்ஸ்_பிரிப்பேர்' என்ற தயாரிப்புப் படியை ஓட்டினால் மற்றவை தயாராகும், இந்தக் கோப்பு மட்டும் வராது. முழுக் கர்னலையும் கட்டினால்தான் வரும். லினக்ஸ்-ஹெடர்ஸ் பொதியின் அருமை இங்கேதான்: டெபியன்காரர்கள் கட்டி முடித்தபோது கிடைத்த அதே கோப்புகள் அதில் அப்படியே இருக்கின்றன.

யூநேம் கட்டளை காட்டிய பதிப்புக்கே உரிய ஹெடர்ஸை நிறுவினேன். இதில் ஒரு எண் கூட மாறக்கூடாது. மாறினால் 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று மட்டும் சொல்லி கர்னல் மறுத்துவிடக்கூடும். உண்மையான காரணத்தை கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கில்தான் பார்க்க முடியும். ஹெடர்ஸ் வந்ததும், லிப் அடைவுக்குள் அந்தப் பதிப்பின் மாட்யூல்கள் இருக்கும் இடத்தில் 'பில்ட்' என்ற இணைப்பு சரியாகத் திறந்தது. கம்பைல் வேலையை நடத்தும் மேக் கட்டளையை அங்கே போகச் சொல்லி, 'எம்' மாறியில் டிரைவர் இருக்கும் கோப்புறையைக் கொடுத்தால் போதும்.

கம்பைல் பாதியில் நின்றது. வைஃபை 7-இன் பல இணைப்பு வசதிக்காக, கர்னல் 6.0 வந்த சமயத்தில், அதன் வைஃபை இடைமுகமான சிஎஃப்ஜி80211-இன் செயற்கூறுகள் சிலவற்றில் இணைப்பு எண் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது. டெபியனின் கர்னல் 6.1, டிரைவரோ அதற்கு முந்தையது. கர்னலின் உள் இடைமுகங்கள் மாறாமல் இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. பதிப்பைச் சோதிக்கும் நிபந்தனை போட்டு, அந்த இடத்தில் பூஜ்யம் கொடுத்தேன். முழுக் கர்னல் கோப்பான விஎம்லினக்ஸ் இல்லாததால், பிழைதேடலுக்கு உதவும் பிடிஎஃப் தகவலை விட்டுவிடுவதாக ஓர் அறிவிப்பும் வந்தது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், டிரைவர் ஓட அது தேவையில்லை.

அப்புறம் செக்யூர் பூட், கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு. கையொப்பமில்லாத மாட்யூலை அது உள்ளே விடவில்லை. பலர் பயாஸில் அதை அணைத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு டாங்கிளுக்காக முழுக் கணினியின் பாதுகாப்பை ஏன் கழற்ற வேண்டும்? மாட்யூல்களைக் கட்டித்தரும் கருவியான டிகேஎம்எஸ் நிறுவினால் அதுவே ஒரு சாவியை உருவாக்கிக் கையொப்பமிடுகிறது. அந்தச் சாவியை மோக்யூட்டில் என்ற கருவி வழியாகப் பதிந்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத்திரையில் கடவுச்சொல் கொடுத்து உறுதிசெய்தேன். மாட்யூல் ஏறியது.

டிரைவரை டிகேஎம்எஸ்ஸிலேயே சேர்த்துவிட்டதால், கர்னல் மாறும்போதெல்லாம் அதுவே மறுபடி கட்டிக்கொள்கிறது. ஆனால் பதிப்பு எண் இல்லாத 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' பொதியையும் நிறுவியிருக்க வேண்டும். புதுக் கர்னலோடு அதன் ஹெடர்ஸையும் இழுத்துவருவது அதுதான்.