வாலில் சேர்ந்த பசை

ரேடியோவால் ஓட்டும் இந்தச் சிறு மாதிரி விமானத்தைக் கட்டி ஆறு மாதம் ஆகிறது. பறந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் மூன்று மணி நேரம்கூட வராது. மேசைமேல் உடைந்து கிடந்த நேரத்தை நான் கணக்கெடுப்பதில்லை.

முதலில் விவரம். 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டில் நானே வெட்டி ஒட்டிய பயிற்சி விமானம். இறக்கை உடலுக்கு மேலே. இறக்கையின் நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. மூக்கில் 2212 அளவு பிரஷ்லெஸ் மோட்டார், 9 அங்குல புரொப்பல்லர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., இறக்கையிலும் வாலிலும் உள்ள தகடுகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி மட்டும் 180 கிராம். பறக்கத் தயாரான நிலையில் மொத்தம் 820 கிராம். ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5.5 செ.மீ. பின்னால், அதாவது அகலத்தில் கால் பங்குக்குச் சற்று மேல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள்; நான் வைக்கவில்லை.

முதல் விபத்து, பழகுகிறவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான். விமானம் என்னை விட்டு விலகிப் போகும்வரை நான் நல்ல விமானி. திரும்பி என்னை நோக்கி வந்ததும் இடமும் வலமும் மாறிவிட்டன. ஒரு பக்கம் சாய்ந்த இறக்கையை நிமிர்த்தப் போய், சாய்ந்த பக்கமே இன்னும் சாய்த்துத் தரையில் குத்தினேன். பிறகு கற்றுக்கொண்ட உபாயம் எளிது: விமானம் நம்மை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் குச்சியைத் தள்ள வேண்டும். சாயும் கூரைக்கு முட்டுக் கொடுப்பதுபோல என்று நினைத்துக்கொண்டால் கை தானாகப் போகிறது.

அன்று உடைந்தது வாலுக்கு முன்னால் உடல் ஒடுங்கும் இடம். ஹாட் குளூ வைத்து ஒட்டினேன். வெயிலில் நின்ற காருக்குள் அது இளகி, வால் கோணிக்கொண்டது. சூப்பர் குளூவை நாடவும் வழியில்லை. காகிதத்துக்குள் இருக்கும் ஃபோமை அது கரைத்துத் தின்றுவிடும். ஆகவே எபாக்சிப் பசை. இரண்டு வாரம் கழித்து உயரமான புல்லில் இறக்கியபோது அதே இடம் மறுபடி விட்டுப்போனது. இம்முறை எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கார்பன் கம்பி, அதன்மேல் எபாக்சி, அதன்மேல் துணிநாடா, அதற்கும்மேல் இன்னொரு பூச்சு எபாக்சி. காய்ந்த பிறகு தட்டிப் பார்த்தேன், மரம்போல ஒலித்தது. அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த முறை காற்றுக்கு எதிராகக் கையால் எறிந்ததும் மூக்கு தானாகவே வானத்தைப் பார்த்தது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டரைக் கீழே அழுத்தினால் குப்புறப் பாய்ந்தது. விட்டால் மறுபடி எகிறியது. குச்சியைத் தொடாதபோதும் தகட்டைச் சற்றுச் சாய்த்து வைக்கும் டிரிம்மைக் கடைசிவரை தள்ளியும் அடங்கவில்லை. வேகம் குறைந்த ஒரு நொடியில் ஒரு பக்க இறக்கை பொசுக்கென்று தாழ்ந்தது. மோட்டாரை முழு வேகத்துக்கு ஏற்றி எப்படியோ மீட்டு, இறக்கினேன் என்று சொல்லலாம். கீழே போட்டேன் என்பதே சரி.

பிறகு பழியை எங்கெல்லாமோ போட்டேன். காற்று மேல் போட்டேன். எலிவேட்டர் சர்வோவை மாற்றினேன். டிரான்ஸ்மிட்டரில், குச்சியின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போவை 30 சதவீதம் கூட்டினேன். விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரைச் சந்தேகித்து, டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தியில் வைத்து முப்பது தப்படி நடந்துபோய்ச் சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. பேட்டரியை மட்டும் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்தக் களேபரத்தில் முழுக்க ஏற்றிய ஒன்றை மூன்று வாரம் அப்படியே மறந்துவிட்டேன், அது உப்பிப்போய்விட்டது. செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருந்தால் தப்பியிருக்கும்.

பறக்கவிடும் மைதானத்துக்கு வரும் மூத்தவர் ஒருவர் ஒரு சோதனையும் செய்யவில்லை. இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனியை வைத்துத் தூக்கினார். வால் தொங்கியது. ஒட்டுப்போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “விமானத்தில் பசை வைத்திருக்கிறீர்களா தம்பி, பசையில் விமானம் வைத்திருக்கிறீர்களா?”

வீட்டுக்கு வந்து எடை போட்டேன். 848 கிராம். இரண்டு பழுதுபார்ப்பிலும் சேர்த்து 28 கிராம் கூடியிருக்கிறது. அற்பமாகத் தெரியும். ஆனால் அது இருப்பது ஈர்ப்பு மையத்திலிருந்து 60 செ.மீ. பின்னால். துலாக்கோலில் நீண்ட பக்கத்தில் தொங்கும் சிறு கல், குட்டைப் பக்கத்து மூட்டையைத் தூக்கிவிடுகிறது அல்லவா, அதே கதை. 28 ஐ 60 ஆல் பெருக்கினால் 1680. அதை 848 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2. ஈர்ப்பு மையம் 2 செ.மீ. பின்னால் போய், அகலத்தில் 37 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது.

1871இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் பிரெஞ்சு விமான முன்னோடி அல்ஃபோன்ஸ் பெனோ, முறுக்கிய ரப்பரால் ஓடும் ஒரு சிறு விமானத்தை 11 வினாடி பறக்கவிட்டார். அதைப் பிடித்து ஓட்ட யாரும் இல்லை, ரேடியோவும் இல்லை. இறக்கையைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தில் வைத்த வால் தகடுதான் அதை நேராக வைத்தது. மூக்கு தாழ்ந்தால் வேகம் கூடும், வால் இன்னும் பலமாகக் கீழே அழுத்தப்படும், மூக்கு எழும்பும். என் பயிற்சி விமானத்தின் வாலும் அதே வேலைக்குத்தான் இருக்கிறது. எடை பின்னால் போகப் போக அந்தத் திருத்தும் குணம் தேய்கிறது. 11 வினாடி தானாகப் பறந்ததன் வாரிசை நான் 28 கிராம் பசையால் கெடுத்திருக்கிறேன்.

சரிசெய்ய இரண்டு வழி. பேட்டரியை முன்னால் தள்ளுவது ஒன்று: 1680 ஐ 180 ஆல் வகுத்தால் 9 செ.மீ.க்கு மேல் நகர்த்த வேண்டும், மூக்கில் இடம் இருப்பதோ 4. மீதிக்கு மூக்கில் ஈயம் வைத்தால் 40 கிராம். பசையைச் சுமக்க ஈயம், ஈயத்தைச் சுமக்க வேகம், வேகத்தோடு இறங்கினால் மறுபடி வால் உடையும். அதில் எனக்கு விருப்பமில்லை.

எனவே மரம்போல ஒலித்த அந்த இடத்தை நானே அறுத்தேன். பின்பகுதியைப் புது ஃபோமில் வெட்டி, அடிப்புறம் 2 மில்லிமீட்டர் கார்பன் கம்பி ஒன்றை மட்டும் பதித்தேன். எபாக்சியை ஊற்றவில்லை; பல்குத்தும் குச்சியால் தொட்டு இழுத்து, மிஞ்சியதைத் துணியால் துடைத்தேன். வலிமைக்கு வேண்டியது இரு பரப்பும் ஒட்டியிருப்பதுதான், வெளியே வழிந்து நிற்பது வெறும் எடை என்பது கையில் தராசு இருந்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு துண்டையும் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்தேன். மொத்தம் 824 கிராம். மிச்சமிருந்த 4 கிராமுக்குப் பேட்டரியை ஒன்றரை செ.மீ. முன்னால் நகர்த்தியது போதுமானதாக இருந்தது.

சென்ற ஞாயிறு காலை, காற்று எழும்பும் முன் எறிந்தேன். மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது, தானே நிமிர்ந்தது. குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஐந்து வரை எண்ணினேன். மூன்று பேட்டரி தீரும்வரை பறந்தது. மூன்றாவது முறை இறங்கும்போது வால் புல்லில் தட்டி, ஒட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கிறது.

அதை ஒட்டியாயிற்று: 1 கிராம். முழு வேகத்தில் விமானம் இடப்பக்கம் இழுக்கிறது. மோட்டாரை இரண்டு டிகிரி வலப்பக்கம் திருப்ப வாஷர் வெட்டி வைத்திருக்கிறேன். அதன் எடையையும் பார்த்துவிட்டேன்.